‘பேச்சு இல்லை’ என்று எழுதும் முன்: அஃபேசியாவின் பழைய நோயாளிக் குறிப்புகளைப் படிக்கும் முறை

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கையில் நான் முதலில் கொடுப்பது 1861-இல் பாரிஸில் எழுதப்பட்ட ஒரு நோயாளிக் குறிப்பு. “மேடம், ஸ்கேன் பார்க்கச் சொல்லித் தருவீங்கன்னு நினைச்சோம்” என்று முகம் வாடும். ஸ்கேன் பார்க்க ஆள் இருக்கிறார்கள். அஃபேசியா வந்து, அதாவது மூளைச் சேதத்தால் பேச்சு கெட்டுப்போன மனிதருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கத்தான் ஆள் குறைவு. ஸ்கேன் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில், வேறு வழி இல்லாததால், சில டாக்டர்கள் அதை மிக நன்றாகச் செய்தார்கள். அவர்கள் எழுதியதை எப்படிப் படிப்பது என்று நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் திருச்சியில் ஸ்பீச் தெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன ஒரு பஸ் கண்டக்டரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவர். பெயர் கேட்டேன்: “ரைட் ரைட்.” ஊர் கேட்டேன்: “ரைட் ரைட்.” பேனாவைக் காட்டி இது என்ன என்றேன், அதற்கும் அதுதான். ‘பேச்சு: இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டேன். அவர் மனைவி என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, நேத்து ராத்திரி ஸ்டாப்பிங் எல்லாம் வரிசையா சொன்னாரே, அது பேச்சு இல்லையா?”

மறுநாள் நான் “சென்ட்ரல்” என்று எடுத்துக் கொடுத்தேன். பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம் என்று போய் ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எழுத்துப் பிசகவில்லை. சரி, பாலக்கரைக்கு அடுத்து என்ன என்று தனியாகக் கேட்டால்? “ரைட் ரைட்.”

இதைப் புதிதாக நான்தான் கண்டேன் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் ரொம்மெல் என்ற மருத்துவர் 1683-லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்த அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. ஆனால் ஜெபத்தையும் மனப்பாடமான வேத வசனங்களையும் வழக்கமான வரிசையில் முழுதாகச் சொல்வார். வரிசையை மாற்றி, நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் வராது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பை நான் படித்திருந்தால் கண்டக்டரின் மனைவி என்னை வராந்தாவில் மறித்திருக்க வேண்டியிருக்காது.

தாளை மூன்றாக மடியுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை நெடுக்காக மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில், அந்த டாக்டர் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். இரண்டாவதில், அதிலிருந்து அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பது. மூன்றாவதில் தேதிகள். நோய் வந்த தேதி, டாக்டர் பார்த்த தேதி, மூளையைத் திறந்து பார்த்த தேதி, அச்சில் வந்த தேதி, எல்லாமே. இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடப்பதுதான் பாடப்புத்தகம். நாம் அதைப் பிரித்துப் போடுகிறோம், அவ்வளவுதான்.

லெபோர்னிலிருந்து ஆரம்பியுங்கள். பாரிஸுக்குத் தெற்கே பிசேத்ர் மருத்துவமனையில் 21 வருடம் கிடந்தவர். என்ன கேட்டாலும் “தான், தான்” என்று இரண்டு முறை சொல்வார், அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குத் ‘தான்’ என்றே பெயர். (தமிழில் எழுதினால் அது பெரிய தத்துவம் மாதிரி ஆகிவிடுகிறது. அவர் சொன்னது நம் ‘தான்’ இல்லை, வெறும் ஓசை. வகுப்பில் இந்த இடத்தில் கட்டாயம் யாராவது சிரிப்பார்கள், சிரித்து முடிக்கட்டும்.) 1861 ஏப்ரலில் அவருடைய வலது கால் அழுகிப்போய் அறுவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே டாக்டர் பால் ப்ரோக்கா. ப்ரோக்காவுக்குக் கிடைத்தது சில நாட்கள்தான். ஏப்ரல் 17-ஆம் தேதி லெபோர்ன் இறந்துவிட்டார், அப்போது வயது 51. மறுநாளே ப்ரோக்கா அவருடைய மூளையை எடுத்துக்கொண்டு போய் பாரிஸ் மானிடவியல் சங்கக் கூட்டத்தில் காட்டினார்.

அந்தச் சில நாட்களில் ப்ரோக்கா கேட்ட கேள்விகளை முதல் பத்தியில் எழுதுங்கள். மெதுவாக, ஒன்று விடாமல்.

இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார், பிறகு ஒரு விரல். 21. கணக்குச் சரி. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மறுபடியும் கேட்டபோது, இந்த ஆள் தன்னைச் சோதித்துப் பார்க்கிறான் என்று லெபோர்னுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது. ‘தான்’ மட்டுமே வரும் அந்த வாயிலிருந்து கடவுள் பெயரை இழுத்து ஒரு வசவு தெளிவாக வந்து விழுந்தது. கோபம் வந்தால் மட்டும் வரும் வசவு அது.

மணி என்ன? கடிகாரத்தைச் சில நொடி உற்றுப் பார்த்துவிட்டுச் சரியாகக் காட்டினார்.

எது முதலில் போயிற்று, எது பிறகு? இடது கைச் சுட்டுவிரலால் முதலில் நாக்கைக் காட்டினார், அடுத்து வலது கை, அடுத்து வலது கால்.

எல்லாம் சரியாகச் சொன்னார் என்றும் நினைக்க வேண்டாம். பிள்ளைகள் இல்லாதவர், பிள்ளைகள் உண்டு என்று சைகையில் சொல்லியிருக்கிறார். ப்ரோக்கா அதையும் மறைக்காமல் எழுதிவைத்தார். இதற்காகவே எனக்கு அந்தக் குறிப்பின் மேல் மரியாதை. தனக்கு வசதியான பதில்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் டாக்டர் இதைச் சத்தமில்லாமல் விட்டிருப்பார்.

இப்போது இரண்டாவது பத்தி. மண்டையைத் திறந்தபோது இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால், கோழி முட்டை கொள்ளும் அளவுக்குக் குழி. அதைச் சுற்றி வெகு தூரத்துக்குச் சேதம். இவ்வளவு பெரிய சேதத்தில் பேச்சைக் கெடுத்தது எந்த இடம் என்று எப்படிச் சொல்வது? மாணவர்களை இங்கே நிறுத்தி வைத்து, விடையைத் தாளில் தேடச் சொல்வேன். விடை மூன்றாவது பத்தியில், தேதிகளில் இருக்கிறது. லெபோர்னுக்கு 30 வயதில் பேச்சு மட்டும் போயிற்று. ஏறக்குறைய பத்து வருடம் கை கால் நன்றாகவே இருந்தன. அதற்கப்புறம்தான் கை, பிறகு கால். ஆகவே சேதம் ஓரிடத்தில் தொடங்கி மெல்லப் பரவியிருக்கிறது. எந்த இடம் மிக அதிகமாக அரிக்கப்பட்டு மிகப் பழையதாகத் தெரிகிறதோ அதுதான் ஆரம்பம், அதுதான் முதலில் போன பேச்சின் இடம் என்று ப்ரோக்கா கணக்குப் போட்டார். முன்மடலின் (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி) மூன்றாவது மடிப்பு. நாக்கு, கை, கால் என்று லெபோர்ன் விரலால் காட்டிய வரிசையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பாடப்புத்தகங்களில் இந்த விரல் பெரும்பாலும் காணாமல் போய்விடும், குழி மட்டும் இருக்கும்.

இன்றைக்கும் வீட்டாரிடம் ‘எது முதலில்?’ என்று கேளுங்கள். ‘திடீர்னு எல்லாம் ஒண்ணா’ என்பார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டால், ‘முந்தின நாள் சாயந்திரம் காபியைத் தண்ணின்னு சொன்னார்’ என்று வரும்.

அறையில் யாருக்கு என்ன அவசரம்?

குறிப்பைப் படித்தால் மட்டும் போதாது, அதற்கு முந்தைய வாரத்திலும் அதற்கு வெகு முன்பும் என்ன நடந்தது என்று பாருங்கள். மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவி ஒருவர் குணத்தைச் சொல்லலாம் என்று 1800-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. அதன் மூலவர் ஃப்ரான்ஸ் யோசப் கால். (பெயர்தான் கால், தேடியதெல்லாம் தலையில்.) கூடப் படித்தவர்களில் நன்றாக மனப்பாடம் செய்கிறவர்களுக்குக் கண் பிதுங்கி இருந்ததைப் பார்த்து, சொற்களின் இருப்பிடம் கண்ணுக்குப் பின்னால் என்று முடிவு கட்டியவர். மேடு தடவும் வேலை கேலிக்கு ஆளானது. ஆனால் பேச்சு மூளையின் முன்பக்கம் இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1825-இலிருந்து பாரிஸ் டாக்டர் புய்யோ அதைத் தூக்கிப் பிடித்தார். முன்மடல்கள் கெட்டும் பேச்சு கெடாத ஒருவரைக் காட்டினால் 500 ஃப்ராங்க் தருகிறேன் என்று 1848-இல் பந்தயமே கட்டினார்.

1861 ஏப்ரல் 4-ஆம் தேதி அதே சங்கத்தில் பேசியவர் புய்யோவின் மருமகன் ஓபர்த்தான். மாமனாரின் கட்சி. தன்னையே சுட்டுக்கொண்டு நெற்றி எலும்பு பிய்ந்துபோன ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில், வெளியே தெரிந்த மூளையின் முன்பகுதியைத் தட்டையான கருவியால் லேசாக அழுத்தினால் பேச்சு பாதிச் சொல்லில் நின்றது, எடுத்தால் மீண்டும் வந்தது என்று சொன்னார். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. அடுத்த வாரம் லெபோர்ன் வந்து சேர்ந்ததும் ப்ரோக்கா இந்த ஓபர்த்தானைத்தான் கூப்பிட்டு, பாருங்கள் என்று காட்டினார். மூளை அவ்வளவு அவசரமாக மறுநாளே கூட்டத்துக்குப் போனதற்கு இந்தப் பின்னணி உண்டு.

அதே வருடக் கடைசியில் ப்ரோக்காவிடம் வந்த லெலோங்கைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 84 வயது, மண் வெட்டும் தொழிலாளி, தொடை எலும்பு முறிந்து வந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன்பே பேச்சு போயிருந்தது. மிச்சம் ஐந்து சொல். ஆமாம், இல்லை, எப்போதும், ‘மூன்று’ என்பதன் மழலை வடிவமாகத் ‘த்வா’, பிறகு ‘லெலோ’ என்று தன் பெயரில் பாதி. எந்த எண்ணைக் கேட்டாலும் வாய் ‘மூன்று’ என்கிறது, விரல் சரியான எண்ணைக் காட்டுகிறது. எத்தனை பிள்ளைகள்? “மூன்று”, நான்கு விரல். ஆண் எத்தனை? “மூன்று”, இரண்டு விரல். பெண்? “மூன்று”, இரண்டு விரல். வயதுக்கு எட்டு விரல், பிறகு நான்கு. என்ன தொழில் என்றதற்கு மண்வெட்டி பிடிப்பதுபோலச் செய்து காட்டினார். வாயை மட்டும் நம்பியிருந்தால் இவருக்கு எண் தெரியாது என்று எழுதியிருப்போம். விரலைப் பாருங்கள். இறந்தபின் திறந்து பார்த்ததில் லெபோர்னுக்கு இருந்த அதே இடத்தில், அதைவிடச் சிறிய சேதம்.

தேதிப் பத்தியில் சிவப்புப் பேனா

‘பேச்சு இடது மூளையில் இருக்கிறது என்று 1861-இல் ப்ரோக்கா கண்டுபிடித்தார்’ என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் சிவப்பில் வட்டமிடுங்கள். 1861-இல் அவர் சொன்னது முன்மடல் என்றுதான். 1863-இல் எட்டு நோயாளிகளைச் சேர்த்துவைத்து, எட்டும் இடது பக்கமாகவே இருக்கிறதே என்று தயங்கித் தயங்கி எழுதினார். நாம் இடது மூளையால் பேசுகிறோம் என்று உடைத்துச் சொன்னது 1865-இல். அதற்குள் தெற்கு பிரான்சிலிருந்து குஸ்தாவ் தாக்ஸ் என்பவர் கிளம்பிவிட்டார். என் அப்பா மார்க் தாக்ஸ் இதை 1836-லேயே எழுதிவிட்டார் என்றார். அப்பா 1837-இல் இறந்தார், கட்டுரை அச்சில் வந்தது 1865-இல். எழுதிய தேதியும் அச்சான தேதியும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், பட்டத்தை யாருக்குத் தருவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெயரும் அப்படித்தான். ப்ரோக்கா இந்த நோய்க்கு ‘அஃபேமி’ என்று வைத்தார். கிரேக்கம் தெரிந்தவர்கள் மூக்கைச் சுளிக்க, 1864-இல் பாரிஸ் டாக்டர் ட்ரூஸோ ‘அஃபேசியா’ என்று மாற்றினார். பழைய குறிப்புகளில் ‘அஃபேமி’ வந்தால் அச்சுப் பிழை இல்லை.

நிறையப் பேசுகிறவர்களையும் தேடுங்கள்

லெபோர்னோடு நின்றுவிட்டால் அஃபேசியா என்றால் மௌனம் என்று மனதில் பதிந்துவிடும். எனக்கு அந்தப் பிழையும் நேர்ந்தது. சரளமாக, கை ஆட்டி ஆட்டி, பொருளே இல்லாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு பாட்டியை ‘இவருக்குப் பேச்சில் குறை இல்லை, மனநலப் பிரிவில் காட்டுங்கள்’ என்று நானே எழுதி அனுப்பினேன். அவர்களும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் சீனியர் ஒருவர், பாட்டியிடம் “கண்ணை மூடுங்க” என்றார், வேறு சைகை எதுவும் காட்டாமல். பாட்டி சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார், கண்ணை மூடவில்லை. காது கேட்டது, சொல் புரியவில்லை.

1874-இல் ப்ரெஸ்லௌவில் (இன்று அது போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப்) கார்ல் வெர்னிக்கே எழுதியது இவர்களைப் பற்றித்தான். அப்போது அவருக்கு 26 வயது. சேதம் நெற்றிப் பக்கம் இல்லை, காதுக்கு மேலே உள்ள மடிப்பில். சொல்லின் ஒலியைக் கேட்டு அறியும் இடம் ஒன்று, வாயை அசைக்கும் இடம் ஒன்று, நடுவில் ஒரு பாதை என்று படம் போட்டார். அப்படியானால் பாதை மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, அப்படியும் ஒரு வகை இருக்க வேண்டும் என்று சொன்னார். இவரைப் படிக்கும்போது முதல் பத்தியும் இரண்டாவது பத்தியும் எளிதில் குழம்பும். படம் அவ்வளவு அழகு. அதற்குப்பின் வந்தவர்கள் ஆளுக்கொரு படம் வரைந்து தள்ளினார்கள். 1891-இல் ஒரு இளம் வியன்னா டாக்டர் இந்தப் படங்களை எல்லாம் கிழித்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்ட்.

லண்டனில் டாக்டர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் வேறு தினுசு. இடத்தை விட, மிச்சமான சொல் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்தவர். வசவும் ஜெபமும் தானாக வருகின்றன, ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகச் சொற்களைக் கோக்கத்தான் முடியவில்லை என்று பிரித்துக் காட்டினார். ரயில்வே சிக்னலில் வேலை பார்த்த ஒருவருக்கு ‘என்னிடம் வா’ என்பது மட்டும் மிஞ்சியது. பட்டியல் எழுதி முடித்த களைப்பில் விழுந்த ஒரு குமாஸ்தாவுக்கு ‘பட்டியல் முடிந்தது’. கடைசியாகச் சொல்லிய அல்லது சொல்ல வந்த வார்த்தை அப்படியே உறைந்துவிட்டதோ என்று ஜாக்சன் யோசித்தார். நான் இதைப் படித்தபோது எங்கள் கண்டக்டரின் ‘ரைட் ரைட்’ காதில் விழுந்தது. அவருக்குப் பக்கவாதம் வீட்டில் வைத்துத்தான் வந்தது, பஸ்ஸில் இல்லை. ஆனாலும் முப்பது வருடம் சொன்ன சொல்.

வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி, கடையில் தமிழ் பேசி, ஆபீஸில் ஆங்கிலம் பேசுகிறவர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பிரான்சின் போர்தோ நகரத்து டாக்டர் பித்ர் 1895-இல் எழுதியதைத் தேடிப் படியுங்கள். பல மொழி தெரிந்தவருக்கு, நோய் வரும் சமயத்தில் அதிகம் புழங்கிய மொழிதான் பெரும்பாலும் முதலில் திரும்புகிறது என்றார். தாய்மொழிதான் முதலில் வரும் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. எது என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் எல்லா மொழியிலும் கேட்டுப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

இரண்டாம் முறை திறந்தவர்கள்

கடைசியாக, அதே மூளையைப் பிறகு யார் பார்த்தார்கள் என்று தேடுங்கள். ப்ரோக்கா லெபோர்னின் மூளையை வெட்டாமல் முழுசாகச் சாராயத்தில் போட்டுவைத்தார். அப்போது அவரால் பார்க்க முடிந்தது மேற்பரப்பு மட்டும். 1906-இல் பாரிஸ் டாக்டர் பியேர் மரீ பழைய மூளைகளை மறுபடி பார்த்துவிட்டு, மூன்றாவது மடிப்புக்குப் பேச்சில் தனிப் பங்கு எதுவும் இல்லை என்று தலைப்பிலேயே போட்டு எழுதினார். பெரிய சண்டை. 2007-இல் லெபோர்ன், லெலோங் இருவரின் மூளைகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் சேதம் ப்ரோக்கா பார்த்ததைவிட உள்ளே ஆழமாகப் போயிருந்தது, முன்னும் பின்னும் இணைக்கும் நரம்புப் பாதைகளும் கெட்டிருந்தன. ஆக ‘ப்ரோக்கா பகுதி’ என்று நாம் சொல்வதும், லெபோர்னின் தலையில் கெட்டுப்போயிருந்ததும் ஒன்றல்ல. முதல் பத்தியில் நீங்கள் எழுதிய விரல்களும் கடிகாரமும் வசவும் இதனால் ஒரு எழுத்துகூட மாறவில்லை, இரண்டாவது பத்திதான் அடித்தல் திருத்தலாகக் கிடக்கும்.

லெபோர்னைப் பற்றியும் 2013-இல் புதிதாகத் தெரியவந்தது. போலந்தைச் சேர்ந்த ஆய்வாளர் டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளைத் துழாவி, முழுப்பெயர் லூயி விக்டர் லெபோர்ன், பிறந்த ஊர் மொரே, அப்பா பள்ளி ஆசிரியர், இவர் செருப்பு அச்சு செய்யும் தொழிலாளி என்று கண்டுபிடித்தார். 150 வருடம் பெரும்பாலும் ‘தான்’ என்ற ஓசைதான் அவர் பெயராக இருந்தது. என் தாளில் இப்போது மேலே பெயருக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்.

தாள் நிரம்பியதும் அதைக் கோப்பில் வைத்துவிட்டு வார்டுக்கு வாருங்கள். ப்ரோக்காவின் கேள்விகளையே கேளுங்கள்: வயது, எத்தனை நாளாக இங்கே, பிள்ளைகள் எத்தனை, என்ன தொழில், எது முதலில் போயிற்று, மணி என்ன. விரலுக்கும் சைகைக்கும் நேரம் கொடுங்கள். நடுவில் நீங்களே சொல்லை முடித்து வைக்காதீர்கள். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால் லெபோர்னிடம் ப்ரோக்கா வாங்கியதை நீங்களும் வாங்குவீர்கள். நான் திருச்சித் தமிழில் வாங்கியிருக்கிறேன். அப்புறம், கைபேசியில் மணி காட்டாதீர்கள், எண்ணைப் பார்த்து யாரும் ஒப்பிக்கலாம். முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வேண்டும். என்னிடம் அப்பாவின் பழைய எச்எம்டி இருக்கிறது. அது தினமும் ஐந்து நிமிடம் பின்தங்கும், காலையில் திருத்திவிட்டு எடுத்துப் போங்கள்.